சாட்சிக்கிருமி

மண்டப வாசலில் முன்பெல்லாம் பன்னீர் தெளித்து வரவேற்பார்கள். இப்போது வாசல்மானி என்கிற பெட்டி மணிக்கட்டைக் காட்டச் சொல்கிறது. அங்கே ஊசி போட்ட சிவப்புப் புள்ளி மட்டும் இருந்தால் உள்ளே போகலாம். மஞ்சள் தடிப்பு என்றால் அம்மை, ஊதா என்றால் டெங்கு. காய்ச்சல் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே தோல் காட்டிக் கொடுத்துவிடும். ஆள் பேசாமல் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இதையெல்லாம் கண்டுபிடித்த மகராசி முப்பிடாதி. தீங்கில்லாத ஒரு நச்சுயிரியைப் பழக்கித் தோலுக்கடியில் குடிவைத்தாள். தன் சாயலில் இல்லாத எந்த நச்சுயிரி உடம்புக்குள் நுழைந்தாலும் அது தடிப்பை எழுப்பும். சாட்சிக்கிருமி என்று பெயர். சங்கரன்கோவில் முழுவதற்கும் ஒரே முகாமில் போட்டார்கள். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு மட்டும் கிடையாது.

போட மாட்டேன் என்று நின்ற ஒரே ஆள் அவள் கூடப்பிறந்த அண்ணன் செந்தட்டி. அந்தப் பிள்ளைகளைத் தவிர, சாட்சி இல்லாதவர் யாரும் பெரியவர்கள் கூடும் இடத்துக்குள் வரக்கூடாது என்பது அவளே எழுதிய விதி. இன்று அவள் மகள் நிறைமதிக்குக் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனோ சீர்த்தட்டோடு வெளியே வெயிலில் நிற்கிறான்.

"ஊருக்கெல்லாம் வழி விடுத பொட்டி எனக்கு மட்டும் கதவச் சாத்துது. உனக்கே நல்லாருக்காட்டி?"

"ஒரு ஊசிதானண்ணே! போட்டா என்ன கொறஞ்சிரும்?" கண்ணாடிக் கதவுக்கு உள்ளிருந்து முப்பிடாதி கெஞ்சினாள். மாமன் மடி இல்லாத காதுகுத்து அவள் குடும்பத்தில் நடந்ததே இல்லை.

"எனக்கு நோவுன்னா நானே சொல்லுவேன். அதுக்கொரு கிருமி வந்து சாட்சி சொல்லணுமாக்கும்?"

அதற்குள் பந்தியில் கூச்சல். சமையல்காரர் மணிக்கட்டில் நீல வளையம். அடுத்துக் காதுகுத்த வந்த ஆசாரிக்கு. பிறகு அவள் மாமியாருக்கு, வரிசையாக எல்லாருக்கும்.

"இதென்ன தாயி, நீலம்? கேள்விப்பட்டதே இல்லையே!" என்றார் ஆசாரி.

நீலம் அவள் அட்டவணையிலேயே கிடையாது. பயத்தையும் மீறி அவளுக்கு ஆவல் பொங்கியது. ஆசாரியின் தோலைச் சுரண்டிக் கைநுண்ணோக்கியில் வைத்தாள். வேற்றுக்கிருமி ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் சாட்சிக்கிருமிகள்தாம், ஆனால் பாதிக்குச் சாயல் கொஞ்சம் மாறியிருந்தது. இத்தனை வருடம் பெருகியதில் வந்த மாற்றம். பழைய சாட்சிகள் புதிய சாட்சிகளை அன்னியர் என்று எண்ணிக் காட்டிக் கொடுத்திருந்தன.

"அட கிறுக்குக் கிருமியே!" வாய்விட்டுச் சிரித்தாள். அப்போது அவள் மணிக்கட்டு அரித்தது.

'அட்டவணையில் இல்லாத தடிப்பு' என்றது வாசல்மானி. 'தடிப்புள்ளோர் வெளியேறவும். தடிப்பு மறையும்வரை பிள்ளைகளைத் தொடக்கூடாது.'

"இது நோயே இல்ல! நான் முப்பிடாதி, விதிய மாத்து!"

'தடிப்புள்ளவர் சொல்வதை ஏற்க விதி இல்லை.'

அதையும் எழுதியவள் அவள்தான். நோயாளிகள் வாசலில் கெஞ்சிக் கூத்தாடி நுழைந்துவிடுவார்கள் என்று எழுதினாள்.

பெரியவர்கள் எல்லாரும் வெளியேறினார்கள். உள்ளே பொடிசுகள் மட்டும் அலறிக்கொண்டிருந்தன. வாசல்மானி செந்தட்டி பக்கம் திரும்பியது. 'உள்ளே பெரியவர்கள் இல்லை. நீங்கள் போகலாம்.'

அவன் தட்டோடு ஓடினான். நிறைமதி தாவி அவன் மடியில் ஏறிக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் அவன் தோளிலும் முதுகிலும் தொற்றின.

"ஏட்டி, உனக்கு நெசமாவே ஒண்ணுமில்லையே?" கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினான்.

"ஒண்ணுமில்லண்ணே!"

"நீ சொன்னாப் போதும், நான் நம்புதேன். ஏ பொட்டி, அவளுக்கு ஒண்ணுமில்லையாம், கதவத் தெற!"

'சாட்சி இல்லாதவர் சொல் செல்லாது.'

இந்த வளையம் எப்போது மறையும் என்று முப்பிடாதி யோசித்தாள். சாட்சிக்கிருமி ஆயுளுக்கும் தோலை விட்டுப் போகாது. அப்படித்தான் அதை வளர்த்திருந்தாள். அது உள்ளவரை வளையமும் மறையாது.

"அம்மா, மாமா மடி கெடைச்சிருச்சு!" மகள் இரண்டு கையையும் நீட்டினாள். "நீயும் வா!"

முப்பிடாதி அழுதுகொண்டே கதவைத் தள்ளினாள்.

'மணிக்கட்டைக் காட்டவும்' என்றது வாசல்மானி.