சீட் பைப்பை மட்டும் கழட்டாதீங்க

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முட்டுச்சந்தின் கடைசி வீட்டுக் கதவைத் தட்டியபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. பழைய எஃகு ஃபிரேம் ஒன்று விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருந்தார். கடைக்குப் போகத் தார்ச்சாலை, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை ஜல்லிப்பாதை. இரண்டுக்கும் தோதான சைக்கிளைத் தன் கையாலேயே கட்டுவேன் என்று மனிதர் ஒற்றைக் காலில் நின்றார். அதன் பின்னால் மகளை உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுவதாக வாக்கும் கொடுத்தாயிற்று. அந்தக் குட்டி சும்மா இருக்குமா? தினமும் கேட்டு உயிரை எடுத்தாள்.

கதவைத் திறந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். நடையில் சாய்த்திருந்த பச்சை ஃபிரேமைக் காட்டினாள்.

"என் தம்பியோடதுங்க. ஏரிக்கரை மண்ணு சரிஞ்சு அவனை மூடிடுச்சு. தோண்டி எடுக்கறப்ப சீட்டு பிஞ்சு போயிருந்துச்சு. சீட்டு சொருகற இந்தக் குழாயிலதான் வாயை வெச்சுட்டுக் கெடந்தான்."

கடைக்காரர் குனிந்து அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"நான்தான் வேற பைப்பைத் தட்டி இறக்கி அடைச்சேன். எல்லாத்தையும் மாத்திக்குங்க. சீட் பைப்பை மட்டும் கழட்டாதீங்க."

"சரிங்க மேடம்," என்றார் அவர். பாவம், பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

மாடிப்படிக்கு அடியில் இருந்த ஜன்னலில்லாத சிற்றறைதான் அவருடைய பட்டறை. மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஊர்ல எல்லாரும் சைக்கிள் வாங்குவாங்க. நீங்க எலும்புக்கூட்டை வாங்கிட்டு வந்து உசுரு குடுக்கறீங்க!"

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஏறியது, சக்கரங்கள் ஏறின, அகலமான டயர்கள் தாராளமாக நுழைந்தன. சீட் உயரம்தான் உதைத்தது. ஏறி உட்கார்ந்தால் அவருக்குக் கால் எட்டவில்லை. பைப் அசையவும் இல்லை. எஃகுக் குழாய்க்குள் அலுமினியப் பைப்பைக் கிரீஸ் தடவாமல் இறக்கினால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பாவம், அந்த அம்மாளுக்கு அது தெரிந்திருக்காது. ஃபிரேமின் அடியில் இருந்த சின்னத் துளைகளைக்கூட மெழுகால் அடைத்து வைத்திருந்தாள்.

கழட்டத்தானே கூடாது, கொஞ்சம் இறக்கினால் என்ன என்று எண்ணெய் விட்டார். வெந்நீர் ஊற்றினார். கடைசியில் ஒரு சாயங்காலம் சக்கரங்களைக் கழற்றி, பைப்பை மேசையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் இறுக்கி, ஃபிரேமையே பிடித்துத் திருகினார்.

கிரீச்சென்று ஒரு சத்தம். பைப் கழன்று வந்தது.

குழாயிலிருந்து ஈரமண் வாடை எழுந்தது. கூடவே காற்று. பஞ்சரான டியூபில் காற்றுப் போய்க்கொண்டே இருக்குமே, அப்படி நிற்காமல் வந்தது.

விளக்கு அணைந்தது.

கதவுப் பக்கம் கையை நீட்டினார். கதவு இருந்த இடத்தில் சில்லென்று மண் தட்டுப்பட்டது. பின்னால் நகர்ந்தார், முதுகிலும் மண். தோள் இரண்டும் இடித்தன. நெஞ்சின் மேல் யாரோ மூட்டை மூட்டையாய் இறக்கியது போல ஒரு பாரம்.

"இந்தாம்மா!" என்று மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மூச்சும் வரவில்லை.

இருட்டில், காதோரம், குழாய் பேசியது.

"இங்க காத்து இருக்கு."

வேண்டாம் என்று மனசு அலறியது. மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. சாகக் கூடாது, அவ்வளவுதான். குழாயில் வாயை வைத்து ஆழமாக உறிஞ்சினார்.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் மனைவி காப்பித் தம்ளரோடு நின்றாள்.

"ஏன் இப்படி வேர்த்துக் கெடக்கீங்க?"

"கதவு... சாத்திக்கிச்சு."

"நல்ல கதை. தொறந்துதானே கெடந்துச்சு!"

அன்றிலிருந்து அவருக்கு மூச்சு இறுகியே இருந்தது. டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு ஒன்றுமில்லை என்றார். கடையில் ஒரு கண்ணாடியைத் துடைக்க வாயால் ஊதினார். வில்லையில் ஆவி படிந்தது. துடைத்தார். அவர் மூச்சை உள்ளே இழுக்கும்போது, வேறு யாரோ ஊதியதுபோல் மறுபடி ஆவி படிந்தது.

அதற்கு மேல் தாங்காது. வேலை முடியாத ஃபிரேமைத் தோளில் போட்டுக்கொண்டு முட்டுச்சந்துக்கு ஓடினார்.

"மேடம், இதை நீங்களே வெச்சுக்குங்க. காசு வேண்டாம். என்னை விட்டாப் போதும்."

அவள் ஃபிரேமைப் பார்க்கவேயில்லை. அவர் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். கண் நிறைந்தது.

"வந்துட்டியாடா!"

கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள்.

சட்டைப்பையில் கைபேசி அடித்தது. மகள். எடுத்துக் காதில் வைத்தார்.

"அப்பா, சைக்கிள் ரெடியா? எப்பப்பா வருவ?"

இதோ வந்துட்டேன்டா கண்ணு என்று சொல்ல உயிரைக் கொடுத்து முயன்றார். நாக்கு அசையவில்லை. பிறகு அதுவாகவே அசைந்தது.

"அக்கா," என்றது அவர் வாய், "யாரோ கூப்புடறாங்க. கதவைத் தொறக்காத."