பாறைக்கு அந்தப் பக்கம்

“ஏம்மா நீங்க படகுல ஏறவே மாட்டேங்கறீங்க?”

“உங்கப்பா பேச ஆரம்பிச்சா படகு எங்க போகுதுன்னே பார்க்க மாட்டாருடி. அவரை நம்பி ஏறச் சொல்றியா?”

“அப்போ நான் ஓட்டினா?”

“முதல்ல நேரா ஓட்டிக் காட்டு. அப்புறம் பார்ப்போம்.”

விடுமுறைக்குப் பெட்டி கட்டும்போது அம்மா விளையாட்டாகச் சொன்னது அது. வாண்டு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இன்று அந்தக் குட்டித் தீவில் கடைசி நாள். வாடகை வீட்டின் வாசலிலேயே ஒரு சின்னக் குடா. தண்ணீர் அப்பாவின் இடுப்பளவுதான். குடாவின் வாயில் ஒரு கறுப்புப் பாறை.

வாண்டுவும் அப்பாவும் ஈரம் சொட்டத் திரும்பும்போதெல்லாம், துண்டை நீட்டிக்கொண்டே அம்மா ஒன்று கேட்பாள்: “பாறைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?” சும்மா கேட்பதுபோலத்தான் கேட்பாள். ஆனால் ஒரு நாளும் கேட்காமல் விட்டதில்லை.

“இன்னைக்குப் பாறை வரைக்கும் நேரா போயே தீரணும்” என்று மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டினாள் வாண்டு.

துடுப்பு போடுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பாதான் வழி சொல்வார்.

“இடது பக்கம் திருப்பு! ஐயோ, இந்தப் பக்கம் இல்ல, இடது!”

“இதுதான் என் இடது!”

“நான் என் இடதைச் சொன்னேன்!”

படகு செக்கு மாடுபோல் சுற்றிச் சுற்றி வந்தது.

“என்னப்பா, மகளும் அப்பாவும் எண்ணெய் ஆட்டறீங்களா?” என்று கரையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

வாண்டுவுக்கு அழுகை முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கரையைப் பார்த்தாள். படகு பாறைக்கு நேராக வந்த ஒரு கணம், அம்மாவுக்கு நேர் பின்னே, மேட்டின்மேல் ஓர் உயரமான மரம் தெரிந்தது. படகு விலகியபோது அம்மாவும் மரத்தைவிட்டு விலகித் தெரிந்தாள்.

அட!

“அப்பா, இனிமே நீங்க வாயே திறக்கக் கூடாது. அம்மா! அசையாம அங்கேயே நில்லுங்க!”

“இங்க எறும்பு கடிக்குதுடி!”

“கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா!”

அம்மா மரத்துக்கு இடப்பக்கம் நகர்ந்ததுபோல் தெரிந்தால், வலது துடுப்பை அழுத்தி இழுத்தாள். வலப்பக்கம் நகர்ந்தால் இடது துடுப்பு. தோள் வலித்தது. உள்ளங்கை எரிந்தது. அப்பா உதட்டை விரலால் பிடித்துக்கொண்டு தவித்தார். அம்மாவோ ஒரு காலால் மறுகாலைத் தேய்த்தபடி, சிலைபோல் நின்றாள்.

‘டொக்!’ படகு பாறையைத் தொட்டது.

திரும்பும்போது பாறையையும் தூரத்து மலையையும் நேராக வைத்துக்கொண்டாள். படகு கோடு போட்டதுபோல் கரைக்கு வந்தது.

அப்பாவின் வாய்ப்பூட்டு உடைந்தது. “பார்த்தியா என் பொண்ணை!”

அம்மா முழங்கால் நனையத் தண்ணீருக்குள் நடந்து வந்து, படகின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள்.

“நீங்க இறங்குங்க” என்றாள் அப்பாவிடம். “அந்த எறும்புப் புற்றுகிட்ட போய் அசையாம நில்லுங்க.”

பிறகு மகளைப் பார்த்தாள்.

“பாறைக்கு அந்தப் பக்கம் என்னையும் கூட்டிட்டுப் போறியாடி?”