ராசாவுக்கு இன்னும் ஒன்று இறங்கவில்லை

போவன்பள்ளி மார்க்கெட்டில் அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கிய காலிஃபிளவரை ஒரு குதிரை தின்றுகொண்டிருந்தது. அதுவும் ஜெமிமாவின் ஸ்கூட்டியில் தொங்கிய பையிலிருந்தே, கொட்டுகிற மழையில்!

“அய்யய்யோ, வயிறு ஊதிடும்! இழுங்க அதை!”

கயிற்றின் மறுமுனையில் ஓடி வந்தவன் தொப்பலாக நனைந்திருந்தான். கழுத்தில் ஐ.டி. கம்பெனி அட்டை. அட்டைக்கு மேலே… அடடா, அந்தக் கண்கள்! இமையில் மழைத்துளி நிற்க, திருடிப் பிடிபட்டவன்போல விழித்தான்.

“மன்னிச்சிருங்க… கல்யாண ஊர்வலத்துல ஒரு பெட்டைக் குதிரையப் பாத்துட்டு என்னைய இழுத்துட்டு வந்துட்டான். இவன் ராசா, என் குதிரை. நான் தமிழ்ச்செல்வன். நீங்க… மாட்டு டாக்டரா?”

ஸ்கூட்டியில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டான்.

“ஹவ். குதிரைக்கும்தான்.”

செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு ‘ஆமாம்’ வராது, ‘ஹவ்’தான் வரும். திருநெல்வேலிக்காரன் சிரித்தான். அவள் கண்ணோ, பழக்கதோஷம், குதிரையின் பின்னங்கால்களுக்கு இடையே போனது.

“என்ன வயசு?”

“ரெண்டரை.”

“ஒரு விதைதான் இறங்கியிருக்கு.”

அவன் முகம் காது மடல்வரை சிவந்தது. நடுரோட்டில் இதைச் சொன்னால் பாவம், வேறென்ன செய்வான்!

“இன்னொண்ணு தானா இறங்கிரும்னு லாயக்காரர் அப்துல் காதர் பாய் சொல்லுதாரு. காத்துட்டிருக்கேன்.”

“காத்திருக்கறதெல்லாம் நக்கோ, வேண்டாம். இனிமே தானா வராது. வயித்துக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு. ரெண்டையும் எடுத்துக் காயடிச்சிடணும்.”

“வெளிய இருக்கத மட்டும் எடுத்தா? வயித்தக் கிழிக்க வேண்டாம்லா?”

“காய்கு, எதுக்கு? ஊரை ஏமாத்தவா? உள்ள இருக்கறது சும்மா இருக்காது. பெட்டையைப் பார்த்தா இப்படித்தான் ஓடுவான். நாளைக்கு அதுலயே கட்டி வந்தாலும் வரும்.”

“உங்களுக்குக் கத்திய விட்டா வேற ஒண்ணும் தெரியாதா டாக்டர்?”

சுருக்கென்றது. படித்த படிப்பையே சொல்லிவிட்டானே! விசிட்டிங் கார்டை அவன் கையில் திணித்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். ‘திமிர் பிடிச்சவன்… கண்ணு அழகா இருந்தா போதுமா?’ மூன்று வாரம் அந்தக் கண்ணையே திட்டிக்கொண்டிருந்தாள், போன் வராததற்கும் சேர்த்து.

நாலாவது வாரம் போன் வந்தது. ஆனால் பேசியது அப்துல் காதர் பாய். இன்னொரு பெட்டையைத் தேடி முள்கம்பி வேலியைத் தாண்டிய ராசா மார்பைக் கிழித்துக்கொண்டானாம். இப்படியே இருந்தால் லாயத்தில் இடமில்லை, விற்றுவிட வேண்டியதுதான் என்று பாய் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஜெமிமா தையல் போட்டு முடிக்கும்வரை தமிழ்ச்செல்வன் ராசாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டே நின்றான்.

“கோவத்துல பேசல டாக்டர். மயக்க மருந்து குடுத்து… இவன் எந்திரிக்கலன்னா? அந்தப் பயம்.”

அவளுடைய வீராப்பு அங்கேயே கரைந்தது. “எனக்கும் பயம்தான். இந்த ஆபரேஷனைத் தனியா பண்ணதில்லை. எங்க புரொஃபசரைக் கூட்டிட்டு வர்றேன். நம்புவீங்களா?”

தலையாட்டினான்.

மார்புக் காயம் ஆறியபின் ஒரு சனிக்கிழமை காலையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புரொஃபசரும் கிளம்பிவிட்டார். ராசாதான் வைக்கோலில் அசையாமல் கிடந்தான். கால் மணி… அரை மணி… தமிழ்ச்செல்வனின் கை எப்போது தன் கையைப் பிடித்தது என்று ஜெமிமாவுக்குத் தெரியவில்லை. விலக்கவும் தோன்றவில்லை.

திடீரென்று ஒரு செருமல். முன்னங்காலை ஊன்றி, தள்ளாடி… எழுந்தே விட்டான் ராசா! நின்ற நிமிஷமே அவள் கோட்டுப் பையை முகர்ந்தான்.

“காலிஃபிளவர் இல்லடா!” என்று சிரித்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெளியே தூறல். பிடித்த கை பிடித்தபடியே இருந்தது.

“ஒண்ணு சொல்லணும் டாக்டர்…”

“சொல்லுங்க.”

“அன்னைக்கு மழையில பாத்ததுல இருந்து உள்ளயே மாட்டிக்கிட்டுக் கெடக்கு. தானா வராதுன்னு நீங்கதான சொன்னீங்க? அதான் நானே சொல்லுதேன்… உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு ஜெமிமா. என்னைய உங்களுக்குப் பிடிக்குமா?”

ராசாவின் பிடரியில் முகத்தை மறைத்துக்கொண்டாள். அங்கிருந்து மெல்ல வந்தது பதில்.

“ஹவ்.”