சாதிக்காயா, யானையா?

வீட்டுக்குப் புது டீவி வந்தால் எல்லோரும் டீவியைத்தான் பார்ப்பார்கள். நுஸ்லா அது வந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தாள். அதன் முன்பக்கத்தைச் சதுரமாக வெட்டித் தலையை உள்ளே விட்டாள். அவ்வளவுதான், மாத்தளையில் ஒரு புதிய நிகழ்ச்சி பிறந்துவிட்டது.

முதல் நிகழ்ச்சி தற்செயலாகத்தான் நடந்தது. அன்று சனிக்கிழமை. சிறுவர் உதைபந்தாட்டப் போட்டிக்கு நடுவர் வரத் தாமதமானதால் எல்லோரும் வெயிலில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொரு வயது நுஸ்லா மைதானத்து ஓரத்தில் அட்டைப் பெட்டியை வைத்தாள். அதற்குப் பின்னால் உட்கார்ந்து, செய்தி வாசிப்பவர்போலத் தொண்டையைக் கனைத்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம், ஆயுபோவன். பந்து உருள முந்தி நம்ம கொஞ்சம் பேசுவோம்."

பக்கத்து வீட்டு நப்லான் அதைத் தன் உம்மாவின் கைபேசியில் நேரடியாக ஒளிபரப்பினான். கட்டாரில் வேலை செய்யும் அவனுடைய வாப்பா, அறை நண்பர்களோடு அதைப் பார்த்துவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பிறகு நிகழ்ச்சிக்குக் கால் முளைத்தது. ஜுனைதீன் மாமாவின் மரக்கறி லொறி போட்டி நடக்கும் ஊர்களுக்கெல்லாம் அணியையும் பெட்டியையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனது. நாவுல பிள்ளைகள் தங்கள் அணியின் சின்னமாகக் காகிதக் கூழால் ஒரு பெரிய கத்தரிக்காய்த் தலை செய்து வைத்திருந்தார்கள். அன்று நாவுலதான் வெல்லும் என்று நுஸ்லாவுக்குத் தோன்றியதால், நிகழ்ச்சி முடியும்போது அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். அப்படியே நடந்தது. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. தம்புள்ளைக்காரர்கள் வெங்காயத் தலை செய்தார்கள். மாத்தளைக்காரர்கள் சாதிக்காய்த் தலை செய்தார்கள்.

ஆனால் இஷ்டப்படி தலையை மாட்ட முடியாது. எந்த அணி வெல்லும் என்று மனதாரத் தோன்றுகிறதோ அதைத்தான் மாட்ட வேண்டும். காரணமும் சொல்ல வேண்டும். ஒருமுறை சாதிக்காயை விட்டுவிட்டு வெங்காயத்தை மாட்டினாள். மாத்தளை அணியின் தலைவன் வேறு யாருமல்ல, அவளோடு கூடப்பிறந்த நானா ஹுஸ்னி! அன்று வீட்டில் அவன் அவளோடு பேசவே இல்லை. ஆனாலும் வென்றது வெங்காயம்தான்.

இப்படியிருக்க, ஒரு வாரம் மாத்தளை மைதானத்தில் புதுப் புல் நடுவதற்காக மண்ணைக் கிளறிப் போட்டுவிட்டார்கள். மாத்தளைக்கும் வில்கமுவைக்கும் நடக்க வேண்டிய போட்டி வில்கமுவைக்கு மாறியது.

வில்கமுவைக்கு இதுவரை எந்த அணியும் போனதில்லை. நுஸ்லாவின் நிகழ்ச்சியும் போனதில்லை. "அவ்வளவு தூரம் யார் போவது?" என்று எல்லோரும் தட்டிக் கழித்துவிடுவார்கள். வில்கமுவ அணிதான் ஒவ்வொரு தடவையும் மற்ற ஊர்களுக்கு வரும். வந்து தோற்கும். திரும்பிப் போகும்.

லொறி விடியும்போதே புறப்பட்டது. இரத்தோட்டை தாண்டியதும் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது, பிறகு சுற்றிச் சுற்றி இறங்கியது. பின்னால் இருந்த மாத்தளை வீரர்கள் முதலில் பாட்டுப் பாடினார்கள். பிறகு அமைதியானார்கள். பிறகு ஒவ்வொருவராக லொறியை நிறுத்தச் சொன்னார்கள். முன் இருக்கையில் பெட்டியை அணைத்துக்கொண்டு இருந்த நுஸ்லாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

வில்கமுவையில் ஊரே மைதானத்தில் நின்றது. சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய அட்டைகளைப் பிள்ளைகள் தூக்கிப் பிடித்திருந்தார்கள். உழவு இயந்திரங்களின் மேல் ஏறி நின்று பெரியவர்களும் கை அசைத்தார்கள். ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் ஒரு யானைத் தலையை வைத்திருந்தார்கள். ஒரு காது பெரிது, ஒரு காது சிறிது. தும்பிக்கை மட்டும் மிக அழகு.

நுஸ்லா அந்தப் பெரிய காதைத் தடவிப் பார்த்தாள். இவ்வளவு ஆசையாகச் செய்து வைத்திருக்கிறார்களே! எல்லாப் போட்டியிலும் தோற்ற அணி வெல்லும் என்று எப்படிச் சொல்வது? பொய் சொன்னால் அது அவளுடைய நிகழ்ச்சியே அல்ல. உண்மையைச் சொன்னால் அந்த யானை மேசையிலேயே கிடக்கும்.

வில்கமுவையின் பந்துக் காப்பாளர் ரஜிதா அவளுக்கு இளநீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"யானைய மாட்டலன்னாலும் பரவால்லங்க," என்றாள் ரஜிதா. "நீங்க வந்ததே போதும். இன்னைக்கும் தோத்தா, இனிமே எங்கள எங்கயும் அனுப்ப மாட்டோம்னு வீட்டுல சொல்லிட்டாங்க."

"ஏன் அப்பிடி?"

"ஒவ்வொரு தடவையும் புள்ளைங்க வாந்தி எடுத்து வாடிப் போய்த் திரும்புறாங்கன்னுதான்."

நுஸ்லா இளநீரைக் கீழே வைத்தாள். "வாந்தி எடுத்துட்டா வெளையாடுவீங்க?"

"ஆமா. டிராக்டர், அப்புறம் பஸ், அப்புறம் இன்னொரு பஸ். எறங்குன ஒடனே மேட்ச். மொத பாதியில எனக்குப் பந்தே ரெண்டு ரெண்டாத்தான் தெரியும்." ரஜிதா சிரித்தாள். "சொந்த ஊர்ல வெளையாடுறது இதுதான் மொத தடவ."

நுஸ்லா திரும்பிப் பார்த்தாள். மருத மரத்தடியில் மாத்தளை அணி வரிசையாகப் படுத்திருந்தது. ஹுஸ்னி கண்ணை மூடிக்கொண்டு, குமட்டல் அடங்கத் தேசிக்காயை முகர்ந்துகொண்டிருந்தான். இந்தப் பக்கம் வில்கமுவப் பிள்ளைகள் பந்தைத் துரத்திக்கொண்டு மான்குட்டிகள்போலத் துள்ளினார்கள்.

நிகழ்ச்சி தொடங்கியது. நுஸ்லா இரண்டு அணிகளைப் பற்றியும் பேசினாள். கடைசியில் அந்த நேரம் வந்தது. மேசையில் ஒரு பக்கம் சாதிக்காய், மறுபக்கம் யானை. மரத்தடியிலிருந்து எழுந்து வந்த ஹுஸ்னி, சாதிக்காயைக் கண்ணால் காட்டி எச்சரித்தான்.

"வில்கமுவ டீம் எல்லா மேட்ச்லயும் தோத்திச்சி. அது உண்ம," என்றாள் நுஸ்லா. "ஆனா ஒவ்வொரு மேட்ச்சுக்கும் அந்த ரோட்டுல வந்து, தல சுத்தச் சுத்த வெளையாடினாங்க. நம்ம ஒருத்தரும் அத யோசிக்கல்ல. நானும்தான். இண்டைக்கி அந்த ரோட்டுல வந்தது நாங்க. மாத்தள டீம் அங்க மரத்துக்குக் கீழ படுத்தீக்கிது. அதனால..."

யானைத் தலையைத் தூக்கி மாட்டிக்கொண்டாள்.

எழுந்த சத்தத்தில் மரத்திலிருந்த குரங்குகள் ஓட்டம் பிடித்தன. ரஜிதா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே குதித்தாள்.

நுஸ்லாவுக்குத்தான் ஒரு சிக்கல். தலை கழலவில்லை. நப்லான் தும்பிக்கையைப் பிடித்து இழுத்தான். இன்னும் இறுகியது. வெட்டிவிடலாம் என்று யாரோ கத்தி கொண்டுவந்தார்கள். உள்ளேயிருந்து நுஸ்லா பெரிதாக மறுத்தாள். இவ்வளவு பாடுபட்டுச் செய்த தலையை வெட்டுவதா? அதனால் முழுப் போட்டியையும் யானையின் வாய் வழியாகவே பார்த்தாள். முக்கால்வாசி நேரம் அவளுக்குத் தெரிந்தது புல் மட்டும்தான்.

"என்ன நடக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஹுஸ்னி அடித்த பந்தை ரஜிதா பாய்ந்து பிடித்துவிட்டாள் என்று நப்லான் சொன்னான். பிறகு மறுபடியும் பிடித்துவிட்டாள் என்றான். பிறகு அவன் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. உழவு இயந்திரங்களின் ஹோர்ன்கள் எல்லாம் ஒன்றாக அலறின. வில்கமுவ கோல் போட்டுவிட்டது. அந்த ஒரே கோலோடு போட்டியும் முடிந்தது.

ரஜிதாவின் அம்மா தேங்காய் எண்ணெய் ஊற்றி, காதைத் தடவி, பக்குவமாக யானைத் தலையைக் கழற்றி எடுத்தார். நுஸ்லாவின் முகம் எண்ணெயில் பளபளத்தது. ஆனாலும் அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எண்ணெயால் வந்தது அல்ல.

திரும்பும்போது ஹுஸ்னிக்கு முன் இருக்கை கிடைத்தது. நுஸ்லாவின் பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் வளைவு வந்தது. இரண்டாவது வந்தது. அவன் மறுபடியும் தேசிக்காயை எடுத்தான்.

"நேத்தே வந்து ராவைக்குத் தங்கியிருந்தா நாங்கதான் வெண்டிருப்போம்," என்றான் எரிச்சலோடு.

தேசிக்காயைப் பார்த்தான். நுஸ்லாவைப் பார்த்தான். வெளியே பாதையைப் பார்த்தான். இன்னும் நிறைய வளைவுகள் இருந்தன.

"நுஸ்லா," என்றான். "நம்ம வூட்டு ஹோல்ல எத்தின பேருக்குப் படுக்கேலும்?"

அடுத்த மாதம் மாத்தளை மைதானத்தில் புல் பச்சைப் பசேலென்று முளைத்திருந்தது. வில்கமுவ அணி முதல் நாள் மாலையே வந்து இறங்கியது. ஆண் பிள்ளைகள் நுஸ்லாவின் வீட்டு ஹோலில் பாய் விரித்துப் படுத்தார்கள். ரஜிதாவும் மற்றப் பெண் பிள்ளைகளும் நப்லானின் வீட்டில் தங்கினார்கள். காலையில் உம்மா சுட்ட ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் தெம்பாக மைதானத்துக்கு நடந்து போனார்கள். ஒருவருக்கும் தலை சுற்றவில்லை. ஒருவரிடமும் தேசிக்காய் இல்லை.

நுஸ்லா அட்டைப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்தாள். கடைசியில் மேசையைப் பார்த்தாள். ஒரு பக்கம் சாதிக்காய், மறுபக்கம் யானை. சாதிக்காயைத் தொட்டாள். கையை எடுத்தாள். யானையைத் தொட்டாள். மறுபடியும் கையை எடுத்தாள்.

யார் வெல்வார்கள் என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நிகழ்ச்சி தொடங்கிய நாளிலிருந்து அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.