யாரோ மாட்டிவிட்டுப் போன ஒயர்

"ஏசியைப் போடப் போறீங்களா, இல்ல நான் இறங்கி நடக்கட்டுமா?"

"போட்டா சார்ஜ் இறங்கிடும்டி! உங்கப்பாவா வந்து தள்ளுவாரு?"

"எங்கப்பாவை இழுக்காதீங்க! அவரு பெட்ரோல் வண்டி ஓட்டி நிம்மதியா இருந்தாரு."

இதெல்லாம் நான் கூட இருந்து கேட்டதல்ல. பக்கத்து வீட்டுக்காரி மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னது. நானாகக் கேட்கவில்லை, கேட்காமலும் விடவில்லை. அவள் கணவர் பல் டாக்டர். அந்த நீல எலெக்ட்ரிக் கார் வந்த நாளிலிருந்து வாயைத் திறந்தால் எத்தனை சதவீதம் சார்ஜ் என்பதுதான் பேச்சு. தெருவில் அவர் பெயரே 'பர்சென்ட்'. அன்று பின் சீட்டில் அவள் தங்கை மட்டும். தங்கையின் கல்யாணத்தைப் பேசி முடிக்கத்தான் அந்த நெடும்பயணம்.

மலையடிவாரத்தில், மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலுக்குப் பின்னால் ஒரே ஒரு சார்ஜர். அதில் ஏற்கெனவே ஒரு வெள்ளைக் கார் மாட்டியிருந்தது. கண்ணாடியெல்லாம் புழுதி. சக்கரங்களைச் சுற்றிப் புல். ஆனாலும் சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது.

பர்சென்ட் ஹாரன் அடித்தார். யாரும் வரவில்லை.

"அடுத்தவங்க வண்டிங்க. தொடாதீங்க."

"ஃபுல்லான வண்டியிலேர்ந்து ஒயரை எடுத்து விடலாம்டி. எங்க ஆளுங்க பழக்கம் அதான்." ஏதோ பரம்பரையாக எலெக்ட்ரிக் கார் ஓட்டுகிறவர் மாதிரி!

ஒயரைப் பிடுங்கினார். வெயிலில் கிடந்த ஒயர், ஐஸ் போலச் சில்லிட்டது.

வெள்ளைக் காருக்குள் ஒரு சின்ன விசிறி ஓடி அடங்கியது. அதுவரை அது ஓடியதையே யாரும் கவனிக்கவில்லை.

பிறகு, உள்ளிருந்து யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

மெதுவாக.

"பூனையா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பர்சென்ட் தன் காரில் மாட்டினார். பாதி சார்ஜ் ஏறியதும் வண்டியைக் கிளப்பினார். ஒயரைத் திரும்ப அந்த வெள்ளைக் காரில் மாட்டவில்லை.

சாலையில் ஏறியதும் பீப் சத்தம்.

"பெல்ட்டைப் போடும்மா" என்றார் பின்னால் பார்க்காமலே.

"போட்டிருக்கேன் அத்தான்."

திரையில் சிவப்பாக மின்னியது அவள் சீட் இல்லை. பக்கத்து காலி சீட்.

சார்ஜ் மளமளவென்று இறங்கியது. யாரோ உறிஞ்சுகிற மாதிரி.

"அக்கா..." தங்கையின் மூச்சு புகையாக வந்தது. "யாரோ எம்மேல சாயறாங்க."

ஏசி போடாத அந்தக் காரில் அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

"திருப்புங்க! அவ உயிரோட வேணும் எனக்கு!"

திருப்பினார். ஹோட்டலுக்குப் பின்னால் வெள்ளைக் கார் இல்லை. அது நின்ற இடத்தில் புல் மட்டும் கருகிக் கிடந்தது. ஒயரைத் தன் காரிலேயே மாட்டினார்.

பீப் நின்றது. தங்கை ஓவென்று அழுதாள்.

காரை அப்படியே போட்டுவிட்டு மூவரும் சாலைக்கு ஓடி, ஒரு லாரியில் ஏறிக்கொண்டார்கள். அப்புறம் அந்தக் காரை எடுக்க யாரும் போகவில்லை.

தங்கைக்குக் கல்யாணமாகிவிட்டது. குளிர் ஊர் மட்டும் வேண்டாம் என்றாளாம். பர்சென்ட் வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊர் போய்விட்டார். இப்போது பஸ்ஸில்தான் போகிறாராம். ஏசி இல்லாத பஸ்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், போன வாரம் என் மகளோடு காரில் கிளம்பிய மாப்பிள்ளை வழியிலிருந்து போன் செய்யும் வரை.

"இங்க ஒரே ஒரு சார்ஜர் அத்தை. எவனோ புழுதி படிஞ்ச நீலக் காரை மாட்டி வச்சிட்டுப் போயிட்டான்."

"ஐயோ, தொடாதீங்க மாப்பிள்ளை!"

"அதை எடுத்துட்டு நம்ம வண்டிக்குப் போட்டாச்சு. இப்ப கிளம்பியும் ஆச்சு."

போனில் பீப் சத்தம் கேட்டது.

"பின்னாடி யாருமே இல்லையேங்க" என்றாள் என் மகள்.