காலைக் கடலின் வயது

அன்று காலை கடலிலிருந்து மொண்ட நீரின் வயது நான்கு கோடி ஆண்டுகள் என்று மூன்றாவது நாளாகச் சொன்னது காலங்காட்டி.

பெனிட்டா திரையைப் பார்த்தபடி நின்றாள். கன்னியாகுமரிக்குத் தெற்கே எண்ணூறு கிலோமீட்டரில் மிதக்கும் அந்த நிலையத்தில் பூச்சியம் பார்க்காமல் யாரும் டீ குடிப்பதில்லை. கடலடிச் சேற்றைக் கருவியில் வைப்பதற்கு முன், அன்றைய கடல்நீரை வடிகட்டி, வலையில் தங்குவதை அதற்குக் கொடுக்க வேண்டும். 'வயது: பூச்சியம்' என்று வந்தால் கருவியும் சரி, வாசிப்பவரும் சரி. தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் வாசிப்பவரின் உரிமம் ரத்து. ஏனென்றால் கருவி தவறியதாக எங்கும் பதிவில்லை. பக்கத்து அறையில் அடுக்கியிருக்கும் பழைய சேற்றைக் கலந்துவிடும் கைதான் எப்போதும் தவறியிருக்கிறது. பெனிட்டா வேலைக்கு வந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. இந்தப் புதிய கருவி வந்து மூன்று நாள்.

வலையில் தங்குபவை கதிருயிரிகள். ஒற்றைச் செல் உயிர்கள். சிலிக்காவால் கண்ணாடி ஓடு கட்டிக்கொண்டு ஐம்பது கோடி ஆண்டுகளாகக் கடலில் மிதப்பவை. இறந்ததும் ஓடு அடியில் படிந்து சேறாகும், பிறகு பாறையாகும். காலத்துக்குக் காலம் ஓட்டின் அமைப்பு மாறும். ஒரு சிட்டிகைச் சேற்றின் வயதைச் சொல்ல ஒரு காலத்தில் நிபுணர்கள் மாதக்கணக்கில் நுண்ணோக்கியில் குனிந்து கிடந்தார்கள். காலங்காட்டிக்கு நான்கு நிமிடம் போதும். அதன் சான்றை நம்பி மிதவூர்கள் நங்கூரம் இறக்கின, நாடுகள் கடல் எல்லை வகுத்தன. ஓடுகளைக் கண்ணால் பார்க்கும் வழக்கம் மட்டும் ஒழிந்துபோனது.

நிலையத் தலைவர் சிவஞானம் வந்து எண்ணைப் பார்த்தார்.

"ஏம்மா, சேத்து அறைக்குப் போயிட்டு அப்படியே வந்தியா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"கையுறைய மூணு தடவ மாத்தினேன் சார்."

நீர் மொள்ளும் லூர்தன் வாசலில் நின்றான். "நான் கடல்லதான் சார் மொண்டேன். மியூசியத்துல இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. நண்பகலுக்குள் கரைக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும் என்று, அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார் சிவஞானம்.

பெனிட்டா கிடங்கைக் குடைந்து, தார்ப்பாய்க்கடியில் கிடந்த நுண்ணோக்கியைத் தூக்கிவந்தாள். காலை நீரில் ஒரு சொட்டு வைத்துக் கண்ணைப் பதித்தாள்.

முதலில் ஒரு பந்து. பந்துக்குள் பந்து, அதற்குள்ளும் ஒரு பந்து. மூன்றையும் துளைத்துக்கொண்டு வெளியே நீளும் முட்கள். பக்கத்தில் கவிழ்த்த மணி போல ஒன்று, அதன் உச்சியில் ஈட்டி. நட்சத்திரம் ஒன்று. தேன்கூட்டைத் தகடாக்கியது போல் ஒன்று. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. ஒவ்வொன்றும் கோட்டைச் சுவர் போலத் தடித்திருந்தது. பாடத்தில் அவள் பார்த்த இக்காலத்து ஓடுகள் சிலந்தி வலை போல மெலிந்தவை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மணியின் வாயிலிருந்து பசை போன்ற இழை ஒன்று மெல்ல நீண்டது. துளைகளுக்குள் மஞ்சள் பாசிமணிகள் அசைந்தன.

சேற்றுக்கு உயிர் கிடையாது.

சிவஞானத்தை அழைத்துவந்து காட்டினாள். அவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"இருபத்தி ரெண்டு வருசம் இதுங்களோடதான் சோறு தின்னுருக்கேன்" என்றார் கடைசியில். "ஒண்ணையும் உயிரோட பாத்ததில்ல."

காரணம் அவருக்குப் புரிந்துவிட்டது. கடலில் கரைந்த சிலிக்காவை டயாட்டம் என்னும் பாசிகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வாரிக்கொண்டதால் கதிருயிரிகள் ஓட்டைச் சிக்கனமாகக் கட்டப் பழகியிருந்தன. பூமியின் சூட்டைத் தணிக்க முப்பது ஆண்டுகளாகக் கரியமில வாயுவை உறிஞ்சும் பாறைத்தூளைக் கப்பல் கப்பலாகக் கடலில் கொட்டுகிறார்கள். சூடு தணியத் தொடங்கியிருந்தது. தூளோடு சிலிக்காவும் பெருகி, இந்தத் துளியுயிர்கள் மறுபடியும் நான்கு கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை போலக் கட்டத் தொடங்கியிருந்தன.

ஒரே நாளில் இது நடந்திருக்காதே, பழைய கருவி ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள் பெனிட்டா. சிவஞானம் பூச்சியப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். 'விலகல் ஐயாயிரம் ஆண்டு. திருத்தப்பட்டது.' மறுநாள், 'ஆறாயிரம். திருத்தப்பட்டது.' கோடிகளில் பேசுகிறவர்களுக்கு ஐயாயிரம் ஆண்டு தூசி. திருத்தப் பொத்தானை அமுக்கி, 'இதுதான் இன்று' என்று கருவிக்குச் சொல்லிவிட்டால் பூச்சியம் வந்துவிடும். இருபது ஆண்டுகள், ஒரு நாள் தவறாமல். பெரும்பாலான பக்கங்களில், அவள் வேலைக்கு வந்த பிறகானவற்றிலும், சிவஞானத்தின் கையெழுத்து. பெனிட்டா கூட்டிப் பார்த்தாள். நான்கு கோடிக்குச் சில ஆயிரம் குறைந்தது.

"டீ ஆறிப் போயிருமேன்னு அமுக்கினோம்மா" என்றார்.

உண்மையிலேயே நான்கு கோடி ஆண்டுப் பழமையான சேற்றை அந்தப் பழைய கருவி நேற்று விழுந்தது என்று சொல்லியிருக்கும். எத்தனை சான்றுகளில் அப்படிச் சொன்னதோ.

நண்பகலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. புதிய கருவியிலும் அதே பொத்தான். சிவஞானம் அதன்மேல் கையை வைத்தார்.

"ஒரு தடவ அமுக்கினாப் போதும். உன் உரிமம் தப்பிச்சிரும். என் பேரும்."

அவளுக்கு ஊரில் கடன் இல்லை, குடும்பத்தில் நோயாளி இல்லை. இந்த வேலைக்காக ஒன்பது ஆண்டு படித்திருந்தாள், அவ்வளவுதான். நுண்ணோக்கியைப் பார்த்தாள்.

"அமுக்கினா இதுங்கள மறுபடியும் யாரும் பாக்க மாட்டாங்க சார்."

சிவஞானம் கையை எடுத்துக்கொண்டார். அறிக்கையில் 'வயது: நான்கு கோடி. மாதிரி உயிருடன் உள்ளது' என்று எழுதி, அவள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். உலகக் கடல்களில் இருந்த மற்றப் பதினொரு நிலையங்களுக்கும் அதை அனுப்பி, இன்று உங்கள் பூச்சியம் என்ன என்று கேட்டார்.

பத்தே நிமிடத்தில் எல்லாரிடமிருந்தும் பதில் வந்தது. எங்கும் பூச்சியம், ஒரு பிசகும் இல்லை.

விதிப்படி, பன்னிரண்டில் ஒன்று மாறுபட்டால் அந்த ஒன்றே பிழை. இரண்டு உரிமங்களும் மாலைக்குள் ரத்தாயின. புதிய வாசிப்பாளர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். மறுநாள் காலை அந்த நிலையத்திலும் பூச்சியம் சரியாக வந்தது.