நாளைக்குத்தான் கடைசி

"சார், என் சீட்டு போயிருச்சு!" என்று பூமாரி அழுதுகொண்டே நுழைந்தபோது, கோமதிநாயகம் சனிக்கிழமை காலை டீயில் இன்னும் வாய் வைக்கவில்லை. ரயில்வே போலீஸில் துப்புத் துலக்கியே தலை நரைத்தவர். இப்போது மண்ணூர்ப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் பாதுகாப்பு அதிகாரி. எதற்கும் பதறமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பதறுவதற்கு லேப் டெக்னீஷியன் நிலவன் பக்கத்திலேயே இருந்தான்.

பூமாரி எம்.இ. சேர்ந்து சில வாரம்தான் ஆகிறது. சான்றிதழ் காட்டிப் பதிவு செய்ய வெள்ளி மாலையோடு கெடு முடிகிறது என்று எல்லாருக்கும் மெயில் போயிருந்தது. இவளோ சனிக்கிழமை வந்து நிற்கிறாள். மதியத்துக்குள் சீட்டு வேறு யாருக்கோ போய்விடும்.

"மெயிலைப் பார்க்கலையாம்மா?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"பதிவு முடிஞ்சாத்தான் ஐடி கார்டு. அது இருந்தாத்தான் கம்ப்யூட்டர் லேப்புக்குள்ள விடுவாக. என் போன்ல மெயில் பாக்க முடியாது. அதான் ரூம்மேட் கவியாகிட்ட பாஸ்வேர்டு குடுத்தேன். கம்பெனியில ஷிப்ட் முடிஞ்சு வாறப்ப பிரவுசிங் சென்டர்ல பாத்துச் சொல்லுவா. டிபன் பாக்ஸ் காணோம், பஸ் ரூட்டு மாறிருச்சு, ஹாஸ்டல்ல பாம்புன்னு மெயிலா வந்து கொட்டுது சார். அத்தனையும் ஒழுங்காச் சொன்னவ, இதை மட்டும் நேத்துக் காலையில 'நாளைக்குத்தான் கடைசி'ன்னுட்டா. அவளும் எம்.இ.க்கு எழுதுனா, கிடைக்கல. வயித்தெரிச்சல்!"

அவள் கையில் ஒரு புகார்க் கடிதம் கசங்கியிருந்தது. யாரோ திட்டமிட்டு ஏமாற்றியதாகப் புகார் வந்தால் மட்டும் சீட்டைத் திருப்பித் தரலாம் என்று பதிவாளர் தசரதன் சொல்லியிருந்தார். புகார் நேரே போலீசுக்குப் போகும்.

நிலவன் அவள் மெயிலைத் திறந்து பார்த்தான். "மெயில் அப்படியே கீது சார். நேத்துக் காலைல தொறந்திருக்காங்க. வெள்ளின்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கு. நல்லாப் படிச்சிட்டுத்தான் பொய் சொல்லியிருக்கா!"

"அந்தப் பொண்ணைக் கூப்பிடு" என்றார் கோமதிநாயகம்.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய கவியா, யூனிஃபார்மோடு, எல்லாரும் காத்திருந்த பதிவாளர் அறைக்கு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. எதற்கு அழைத்தார்கள் என்றே அவளுக்குத் தெரியாது.

"சாப்பிட்டியாம்மா?" என்றார் கோமதிநாயகம்.

"இல்ல சார். ராச்சாப்பாடு இனிமேத்தான்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி சார்."

நிலவன் துள்ளிக் குதித்தான். "பாருங்க சார்! கிழமையைக்கூட மாத்திச் சொல்றா!"

கோமதிநாயகம் பதிவாளர் பக்கம் திரும்பினார். "சார், வெயில் ஏறின பிறகும் ராச்சாப்பாடு என்கிறாள். சனிக்கிழமையை வெள்ளி என்கிறாள். இதில் பொய்யே இல்லை. இவளுக்கு ராத்திரி ஷிப்ட். வெள்ளி சாயங்காலம் வேலைக்குப் போனவளுக்கு, வீட்டுக்குப் போய்ப் படுக்கும்வரை வெள்ளிதான். நேற்றுக் காலையில் மெயிலைப் பார்த்தபோது இவளுக்கு இன்னும் வியாழன் முடியவில்லை. அதனால் வெள்ளியை நாளை என்றாள். பகலில் வாழ்கிற பூமாரி அதைச் சனி என்று எடுத்துக்கொண்டாள். ஒரே வார்த்தை, இரண்டு பேருக்கும் இரண்டு நாள்."

கவியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. "ஐயோ, நானாட்டி உன் சீட்டைக் கெடுத்தேன்?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

தசரதன் சங்கடமாக நெளிந்தார். "தவறாகப் புரிந்துகொண்டதற்கு விதியில் இடமில்லையே, சார். புகார் இருந்தால்தான்..."

எல்லாரும் பூமாரியையே பார்த்தார்கள். கவியா அவள் கையைப் பிடித்தாள். "புகாரைக் குடுத்துருட்டி. போலீசு வந்து இந்த வேலை போனாலும், நான் வேற என்னமும் பாத்துப் பொழச்சுக்கிடுதேன்."

வீட்டில் முதன்முதலாகப் பட்ட மேற்படிப்புக்கு வந்தவள் பூமாரிதான். ஊரில் அப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருப்பார். கடிதத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"இவ பொய் சொல்லல சார். நான் எப்படிப் பொய் எழுதுவேன்?"

நிலவன் முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டான்.

கல்லூரி வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. பூமாரியும் கவியாவும் ஏறாமல் நின்றார்கள்.

"உங்க கம்பெனியில ஆள் எடுக்காகளாட்டி?" என்றாள் பூமாரி.

கவியா அழுகையை அடக்கிக்கொண்டு, "நாளைக்குக் கேக்கேன்" என்றாள்.

"எந்த நாளைக்கு?"